ஏழாம் லயம், நான்காம் கதவு

பதிவுத் தபால்
சோங்சிங், சீனா
2024 மார்ச் 3

1. இக்கடிதத்தை எழுதுபவன் சிவசாமி விஜிதரன். வயது முப்பத்து நான்கு. ஹட்டனில் தொழில் புரியும் சட்டத்தரணி. முதுமாணிப் பட்டப் படிப்பின் இறுதி அரையாண்டின் பொருட்டுத் தற்சமயம் சீனாவின் சோங்சிங் நகரில் தங்கியிருப்பவன்.

2. இது எழுதப்படுவது என் தாயார் திருமதி பூரணி சிவசாமிக்கு. விலாசம்: நான்காம் கதவு, ஏழாம் லயம், மேற்பிரிவு, ஆர்டன்ஹில் தோட்டம், பொகவந்தலாவை.

3. அப்படியொரு விலாசமே இல்லை என்றும், தோட்டம் முழுவதற்கும் ஆபிசின் விலாசம் ஒன்றே உண்டு என்றும், தோட்ட நிர்வாகம் கடந்த ஜனவரி 22ஆம் திகதி எழுத்தில் தெரிவித்திருக்கிறது. தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழும் அந்த லயத்தின் நான்காம் காம்பராவில் வசிப்போர் எவருடைய பெயரும் இப்போது வேலைப் பதிவில் இல்லாதபடியால், ஓகஸ்ட் 31ஆம் திகதிக்கு முன் அதைக் காலிசெய்து ஒப்படைக்க வேண்டும் என்றும் கோரியிருக்கிறது. இரண்டையும் நான் மறுக்கிறேன்.

4. உரியவர் கையை அடையுமுன் இக்கடிதத்தை வேறு எவரேனும் திறந்து வாசிப்பாராயின், மேற்கூறியவை அவருக்கும் அறிவிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

அன்புள்ள அம்மாவுக்கு,

மேலே உள்ளதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாம் அடிக்கடி தொலைபேசியில் பேசுகிறோம். ஆனால் பேச்சின்மேல் யாரும் முத்திரை குத்துவதில்லை. ஒருவர் ஓரிடத்தில் வாழ்கிறார் என்பதைக் காட்ட, அவ்விடத்துக்கு அவர் பெயரில் வந்து சேர்ந்த கடிதம் பெரிய உதவி என்பது என் தொழிலில் கண்டது. நீங்கள் முப்பத்தாறு வருடங்களாக அந்தக் காம்பராவில் இருக்கிறீர்கள். இருந்தும் அந்த விலாசத்துக்கு வந்த ஓர் உறைகூட நம் தகரப் பெட்டியில் இல்லை. நான் புறப்படுமுன் இருவரும் சேர்ந்துதான் தேடினோம். ஏன் இல்லை என்பதை இங்கே ஆராய வேண்டியதில்லை.

ஆகவே ஓகஸ்டுக்கு முன் நான்கு பதிவுத் தபால்கள் அனுப்புவேன். ஒவ்வொன்றையும் நீங்களே கையொப்பமிட்டு வாங்குங்கள். உறையின் ஓரத்தை மட்டும் கத்தரித்துத் திறந்து, உறையைப் பத்திரப்படுத்துங்கள். இவ்விடயத்தில் கடிதத்தைவிட உறையே முக்கியம்.

வெற்றுத் தாளை அனுப்புவது முறையல்ல என்பதால், நான் வசிக்கும் நகரத்தை உங்களுக்கு அறிமுகம் செய்கிறேன்.

சோங்சிங் சீனாவின் தென்மேற்கே உள்ளது. கடல் வெகு தூரம். ஆயினும் கப்பல்கள் வருகின்றன. யாங்சே என்ற பேராறும் ஜியாலிங் என்ற ஆறும் இங்கே சேர்கின்றன. இரண்டுக்கும் நடுவே நாக்கைப் போல நீண்டு கிடக்கும் மலையில் பழைய நகரம் இருக்கிறது. நிர்வாக எல்லையை முழுதாக எடுத்தால் பரப்பில் நம் இலங்கையைவிடப் பெரிது. மக்கள் மூன்று கோடிக்கு மேல். அதில் கிராமங்களும் அடங்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே, "ஒரே டவுனுக்குள்ள இலங்கை பூராவும் அடங்கிரும்" என்று தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

இது சமதரை நகரம் அல்ல. தெருவிலிருந்து ஒரு கட்டடத்தில் நுழைந்து, பல மாடிகள் ஏறி, மறுபக்கம் வெளியே வந்தால் அங்கும் ஒரு தெரு. அங்கும் பஸ், கடை, ஜனம். ஓரிடத்தில் ரயில் ஒன்று குடியிருப்புக் கட்டடத்தின் ஆறேழு மாடி உயரத்தில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. இதைக் கேள்விப்பட்டு எழுதவில்லை; நானே அதில் பயணம் செய்தேன். காலையில் பனிமூட்டம் வந்தால் எதிர்க்கட்டடம் தெரியாது. முதல் வாரம் விழிக்கும்போதெல்லாம் பொகவந்தலாவையில் இருப்பதாகவே நினைத்தேன்.

இன்னொன்றும் கவனித்தேன். ஒவ்வொரு கதவின் மேலும் ஒரு நீலத் தகடு இருக்கிறது. அதில் வெள்ளை எழுத்தில் தெருவின் பெயரும் இலக்கமும். மேலும் கீழுமாக இத்தனை குழம்பிக் கிடக்கும் மலையில், தகடு இல்லாத கதவை நான் இன்னும் காணவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மகன்
சி. விஜிதரன்


ஆர்டன்ஹில் தோட்டம்
29.03.2024

அன்பு மகன் விஜிதரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது,

நான் நல்ல சுகம். நீயும் அங்க சுகமா இருக்கணும்னு மாரியாத்தாள வேண்டிக்கிறேன்.

ஒன் காயிதம் வந்துச்சு. தப்பால் பை தூக்குற செல்லசாமி அண்ணன் முந்துன நாளே வந்து சொன்னாரு, "தங்கச்சி, சீனாவுல இருந்து ஒனக்கு ஒண்ணு வந்திருக்கு, ஆபிசுல வச்சிருக்காங்க"ன்னு. விடியக்காலம் பெரட்டுல, எல்லாரும் வேலைக்குப் பேர் குடுக்க நிக்கிறப்ப, நானும் போய் நின்னேன். ஜீவராஜ் கிளாக்கரு எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "பூரணியக்கா, இல்லாத விலாசத்துக்கு ஒங்க மகன் காயிதம் போட்டிருக்காரு"ன்னாரு.

"இல்லாத விலாசத்துக்குப் போட்டது எப்படிங்கய்யா வந்து சேந்துச்சு?"ன்னு கேட்டேன். பொம்பளைங்க எல்லாம் சிரிச்சிட்டாங்க.

அவருக்கு மொகம் ஒரு மாதிரியா போச்சு. கையெழுத்து வாங்கிக்கிட்டுக் காயிதத்தக் குடுத்தாரு. நான் திரும்புறப்ப மெதுவா கூப்பிட்டு, "ஏனக்கா, ரயிலு வீட்டுக்குள்ள பூந்து போகுதாமே, நெசமா?"ன்னாரு.

"நான் இன்னும் பிரிக்கவே இல்லைங்களே ஐயா"ன்னேன். மனுசன் பேனாவக் காதுல சொருகிக்கிட்டு உள்ள போய்ட்டாரு. வீட்டுக்கு வந்து பாத்தா ஒறையில சோத்துப் பசை. நீ எழுதுன நாலாவது நம்பரு அவருக்குத்தான் போய்ச் சேந்திருக்கு.

ஒறைய கத்தரிச்சுதான் பிரிச்சேன். பெட்டியில ஒங்க அப்பா படத்துக்குக் கீழ வச்சிருக்கேன்.

ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்காத. எனக்கு ஒண்ணு ரெண்டுன்னு நம்பர் போட்டு எழுதியிருக்க. நான் என்ன கோர்ட்டா? சாப்புட்டியாம்மான்னு ஒரு வரி இல்ல.

கடைக்குப் போனப்ப மயில்வாகனம் முதலாளி கேட்டாரு. "என்னம்மா, தம்பியோட காயிதமெல்லாம் எப்பவும் நம்ம கடை விலாசத்துக்குத்தானே வரும், இப்ப என்ன புதுசா?"ன்னு. சாமான வாங்கிக்கிட்டு வந்துட்டேன். காரணத்த ஆராய வேண்டியதில்லைன்னு நீ எழுதியிருந்தே. சரி, நானும் ஆராயல.

அந்த ஊர்ல அவ்வளவு படியா? சாமானெல்லாம் யாரு தூக்குறாங்க? தேத்தண்ணி குடிக்கிறாங்களா? எழுது.

அம்மா
பூரணி


பதிவுத் தபால்
சோங்சிங்
2024 ஏப்ரல் 18

5. முந்திய கடிதத்தின் 1 முதல் 4 வரையான பந்திகள் இதற்கும் பொருந்தும்.

6. நீங்கள் சாப்பிட்டீர்களா? இதை முதற்கண் கேட்கத் தவறியமைக்கு வருந்துகிறேன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

தேநீர் குடிக்கிறார்கள். பாலும் இல்லை, சீனியும் இல்லை. நம் சாயத் தேநீரின் நிறமும் இல்லை. மூடி போட்ட கிண்ணத்தில் இலையைப் போட்டு, வெந்நீர் ஊற்றி ஊற்றி ஒரே இலையை ஒரு பகல் முழுவதும் குடிக்கிறார்கள். கடைக்காரர் ஒருவரிடம், என் அம்மா முப்பது வருடங்களுக்கு மேல் கொழுந்து பறித்தவர் என்று கைபேசியின் மொழிபெயர்ப்பில் காட்டினேன். அவர் எழுந்து நின்று இன்னொரு கிண்ணம் வைத்தார். அது எனக்கா உங்களுக்கா என்று தெரியவில்லை. இரண்டையும் நானே குடித்தேன்.

சாமான் தூக்குபவர்களைப் பற்றி. ஆற்றுத்துறையிலிருந்து நகரத்துக்கு நூற்றுக்கணக்கான படிகள். வாகனம் ஏறாத இடங்களில் மூங்கில் கம்பும் கயிறும் வைத்திருக்கும் ஆட்கள் சுமக்கிறார்கள். கம்பைத் தோளில் குறுக்கே வைத்து இரு பக்கமும் பாரத்தைக் கட்டிக்கொண்டு, மேலே பார்க்காமல் அடுத்த படியை மட்டும் பார்த்து ஏறுகிறார்கள். அப்பா உர மூட்டையோடு மலை ஏறும் விதம் நினைவுக்கு வந்தது.

அவர்களில் வாங் என்றொரு பெரியவர் என் விடுதிக்குக் கீழே இருக்கிறார். கீழே என்றால் உண்மையாகவே கீழே. கற்படிக்கட்டின் அடியில் ஓர் அறை. நம் காம்பராவில் பாதியும் வராது. கட்டில் ஒன்று, அடுப்பு ஒன்று, மூங்கில் கம்பு ஒன்று. அவருடைய கதவிலும் நீலத் தகடு இருக்கிறது. என்னோடு படிக்கும் சீன மாணவர் உதவியோடு அதைப் பற்றிக் கேட்டேன். "சொந்த வீடா?" என்றேன். இல்லை, வாடகை என்றார். "பிறகு எப்படி உங்களுக்கு இலக்கம்?" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "நான் இங்கே இருக்கிறேனே" என்றார்.

ஒரு சட்டத்தரணியின் கேள்விக்கு இதைவிடச் சுருக்கமான பதிலை நான் கேட்டதில்லை. அங்குள்ள சட்டம் வேறு, நம் சட்டம் வேறு என்பதையும் மறந்துவிடாதீர்கள். இதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது.

மயில்வாகனம் முதலாளி நமக்குச் செய்த உதவி பெரிது. அவர் கடையின் விலாசத்தைப் பயன்படுத்தியது நடைமுறை வசதி கருதியே. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மகன்
சி. விஜிதரன்


ஆர்டன்ஹில் தோட்டம்
15.05.2024

அன்பு மகனுக்கு,

சுகம். நீ மறக்காமக் கேட்டதால சொல்றேன், சாப்புட்டேன். ரொட்டியும் கட்டச் சம்பலும்.

ஒன் ரெண்டாவது காயிதத்த நான் ஆபிசுக்குப் போய் வாங்கல. "பதிவுத் தப்பால் பேருக்கு உள்ள ஆளு கையில, விலாசத்துல குடுக்கணும். எம்மகன் சட்டத்தரணி, எனக்குத் தெரியும்"னு செல்லசாமி அண்ணன்கிட்ட சொன்னேன். மனுசன் மலை ஏறி வந்து வாசல்ல நின்னு, "பூரணி சிவசாமி!"ன்னு கத்துனாரு பாரு, பன்னெண்டு காம்பராவும் வெளிய வந்திருச்சு. இத்தன வருசத்துல நம்ம லயத்து வாசலுக்கு வந்த மொத காயிதம் அதுதான்.

வந்தவங்க சும்மா போவாங்களா? படி, படின்னாங்க. படிச்சேன். அந்தச் சாமான் தூக்குறவரு கதை வந்தப்ப அடுத்த காம்பரா மீனம்மா இடுப்புல கைய வச்சுக்கிட்டு, "படிக்கட்டுக்குக் கீழ இருக்கிற மனுசனுக்கே நம்பரு இருக்குன்னா, படிக்கட்டுக்கு மேல இருக்கிற நமக்கு என்னடி கொறச்சல்?"ன்னா.

அடுத்த ஞாயித்துக்கிழமை பிஸ்கட் டின்ன வெட்டித் தகடாக்கினோம். கோயில்ல கண்ணனுக்கு அடிச்ச நீலத்துல மிச்சம் இருந்துச்சு. பூசாரிகிட்ட கேட்டுத்தான் எடுத்தோம், அதையும் எழுதி வச்சுக்க. பன்னெண்டு தகடு, ஒண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும். நம்மளோடது நாலு. அத நானே அடிச்சேன்.

செவ்வாக்கிழமை வேலைய மேற்பார்வை பாக்குற கண்டாக்கையா வந்தாரு. "இது யாரு வேலை?"ன்னாரு.

"எங்க வேலைங்கய்யா."

"யார்கிட்ட கேட்டுச் செஞ்சீங்க?"

மீனம்மா சொன்னா, "சீனாவுல கேட்டோம்ங்க."

அவருக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா சிரிக்கல. பதினாலு நாளைக்குள்ள கழட்டணும்னு தொரை சொன்னாராம். இல்லேன்னா தோட்டத்துச் சொத்தச் சேதப்படுத்துனதுன்னு பொலிஸுக்குப் போவாங்களாம். நான் சொன்னேன், "வாயால சொன்னா சான்றாகாதுங்க. எழுத்துல குடுங்க, படிச்சுப் பாத்துட்டுப் பதில் சொல்றோம்."

நீ சொல்லிக் குடுத்ததுதான்.

அம்மா
பூரணி


பதிவுத் தபால்
சோங்சிங்
2024 ஜூன் 4

7. ஞாயிற்றுக்கிழமை நான் பேசிக்கொண்டிருக்கையில் நீங்கள் தொலைபேசியைத் துண்டித்தபடியால், சொல்லவந்ததை எழுத்தில் தருகிறேன்.

அன்புள்ள அம்மாவுக்கு,

தகட்டைக் கழற்றிவிடுங்கள்.

உங்கள் நோக்கத்தில் நான் குறை காணவில்லை. ஆனால் சுவர் நிர்வாகத்தின் சொத்து. அதில் அனுமதியின்றி ஆணி அடிப்பது நமக்கு எதிராக அவர்கள் தேடிக்கொண்டிருக்கும் காரணத்தை நாமே அவர்கள் கையில் கொடுப்பதாகும். நான்கு உறைகளைக் கொண்டு, சத்தமின்றி, ஒரு சிறு சான்றைக் கட்டியெழுப்ப நினைத்தேன். பன்னிரண்டு கதவுகளும் ஒரே நாளில் சத்தம் போட்டுவிட்டன. பொலிஸில் முறைப்பாடு வந்தால் மீனம்மா அக்காவின் வேலைக்கும் ஆபத்து. அந்தப் பொறுப்பை நீங்கள் ஏற்பீர்களா?

இன்னொன்றையும் யோசியுங்கள். ஹட்டனில் என் வீட்டின் மேல்மாடி அறை காலியாகவே இருக்கிறது. அங்கே குழாய் வீட்டுக்குள் உண்டு, கழிப்பறை வீட்டுக்குள் உண்டு, மழைக்கு ஒழுகாது. வழக்கில் தோற்று வெளியேற்றப்படுவதைவிட, நாமாகவே மரியாதையோடு வெளியேறுவது நல்லதல்லவா? உங்களை அந்த லயத்திலிருந்து வெளியே கொண்டுவரத்தானே நான் படித்தேன்.

நகரத்தைப் பற்றி ஒரு பந்தியாவது எழுத வேண்டும். இரண்டு ஆறுகளும் சேருமிடத்துக்கு நேற்றுப் போனேன். ஒன்று மண்நிறம், மற்றது பச்சை. சேர்ந்த பிறகும் உடனே கலப்பதில்லை. ஒரே ஆற்றில் இரண்டு நிறமும் பக்கம் பக்கமாகச் சிறிது தூரம் போகின்றன. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் ஒன்றாகின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மகன்
சி. விஜிதரன்


நாலாம் கதவு, ஏழாம் லயம்
மேற்பிரிவு, ஆர்டன்ஹில் தோட்டம்
27.06.2024

அன்பு மகன் விஜிதரனுக்கு,

கழட்டமாட்டேன்.

ஹட்டனுக்கும் வரமாட்டேன். பண்டிகைக்கு வருவேன், பேரப்பிள்ளை பொறந்தா வருவேன், தொரத்திவிட்டாங்கன்னு வரமாட்டேன். மீனம்மாகிட்ட ஒன் காயிதத்தக் காட்டினேன். "எம் பொறுப்ப நான் பாத்துக்கிறேன்னு தம்பிக்கு எழுதுங்கக்கா"ன்னா. எழுதிட்டேன்.

இப்ப நீ நம்பர் போடுற மாதிரி நானும் போடுறேன்.

ஒண்ணு. தகட்ட நான் செவுத்துல அடிக்கல. கதவுல அடிச்சேன். செவுரு அவுங்களோடது. கதவு நம்மளோடது. தொண்ணூத்தி ஏழுல பழைய கதவு உளுத்து விழுந்துச்சு. ஆபிசுல மூணு தடவ கேட்டோம், தரல. மழை பூராவும் வாசல்ல சாக்குக் கட்டியிருந்தோம். ஒனக்கு ஏழு வயசு, சாக்குக்குப் பின்னால ஒக்காந்துதான் படிச்சே. ஒங்க அப்பா நோர்வூட்டு ஆசாரிகிட்டச் சொல்லிக் கதவு செஞ்சாரு. பஸ்ஸுல ஏத்தமாட்டேன்னுட்டான் கண்டக்டரு. தலையில தூக்கிக்கிட்டு நடந்தே வந்தாரு. கவ்வாத்துக் கத்தியால உள்பக்க மேல்சட்டத்துல "சிவசாமி 1997"ன்னு வெட்டி வச்சிருக்காரு. நீ கதவுக்கு வெளியப் பாத்து வளந்த பய. உள்பக்கம் பாத்திருக்கமாட்ட. மத்த பதினொரு பேரும் கதவுலதான் அடிச்சிருக்காங்க. எல்லாரும் அவங்கவங்க போட்ட கதவு. இதுக்கு ஒன் சட்டத்துல என்ன இருக்குன்னு பாத்துச் சொல்லு.

ரெண்டு. நான் கேட்ட மாதிரியே எழுத்துல குடுத்துட்டாங்க. படம் எடுத்து அச்சடிச்சு இதோட வச்சிருக்கேன். தொரை கையெழுத்தும் ஆபிஸ் சீலும் இருக்கு. மேல என்ன எழுதியிருக்குன்னு பாரு. "திருமதி பூரணி சிவசாமி, கதவு இல. 4, ஏழாம் லயம், மேற்பிரிவு." எந்தக் கதவுத் தகட்டக் கழட்டணும்னு சொல்ல நம்பரு வேணுமே! பன்னெண்டு கதவுக்கும் பன்னெண்டு காயிதம் வந்துச்சு. டைப் அடிச்சது ஜீவராஜ் கிளாக்கரு. என் கையில குடுக்கிறப்ப, "அக்கா, நம்பரெல்லாம் சரியா இருக்கான்னு நல்லாப் பாத்துக்குங்க"ன்னாரு. ஏன் அப்படிச் சொன்னாருன்னு தெரியல. அந்தச் சாமான் தூக்குறவரு சுகமான்னும் கேட்டாரு.

மூணு. இது ஆராய வேண்டியதில்லைன்னு நீ சொன்னது.

நம்ம பெட்டியில ஒரு ஒறைகூட ஏன் இல்லன்னு ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பள்ளிக்கூடத்துல இருந்து இன்னைக்கு வரைக்கும் நீ எந்தப் பாரத்துலயும் இந்த விலாசத்தப் போடல. கடை விலாசம் போட்ட, அப்புறம் ஹட்டன் போட்ட. லயம்னு எழுதுனா கொறவா நெனப்பாங்கன்னு பயந்தே. ஒன்ன மட்டும் சொல்லல. படிச்ச புள்ளைங்க எல்லாம் அப்படித்தான் செஞ்சீங்க. ஒங்க காயிதமெல்லாம் இந்த வாசலுக்கு வந்திருந்தா, விலாசம் இல்லன்னு சொல்ல இவங்களுக்கு வாய் வந்திருக்குமா?

நீ சட்டக் கல்லூரிப் பரீட்சை பாஸ் பண்ணின காயிதம் கடைக்குத்தான் வந்துச்சு. அன்னைக்கு ஒங்க அப்பா அரிசி வாங்கப் போனாரு. கடையில நின்ன ஆளுங்க எல்லாம் கை குடுத்தப்பதான் அவருக்கே தெரிஞ்சுச்சு. முதலாளி நல்ல மனசோட பிரிச்சு எல்லாருக்கும் காட்டியிருக்காரு. ஒங்க அப்பா வீட்டுக்கு வந்து அரிசிய எறக்கி வச்சுட்டு, "நம்ம வீட்டு நல்ல சேதி நமக்குத்தான் கடைசியா வருது, பூரணி"ன்னாரு. அவ்வளவுதான். சாகுற வரைக்கும் அதப் பத்தி வேற பேசல. நானும் ஒன்கிட்ட சொல்லல. இப்ப சொல்றேன், ஏன்னா நீ என்ன மரியாதையோட வெளியேறச் சொல்ற. மரியாதை எனக்கு இங்கதான் இருக்கு, தம்பி. நீதான் வெளியேறிட்டே.

கோவமா எழுதிட்டேன். கிழிச்சுப் போடலாம்னு பாத்தேன். கிழிக்கல.

அம்மா
பூரணி


பதிவுத் தபால்
சோங்சிங்
2024 ஜூலை 16

அன்புள்ள அம்மாவுக்கு,

கடிதத்தை நான்கு நாட்களாக வைத்திருந்தேன். நான் சொல்ல வேண்டியவற்றை எனக்குத் தெரிந்த முறையில்தான் சொல்ல முடிகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

8. கடை விலாசத்தைப் பயன்படுத்தியது நடைமுறை வசதி கருதி என்று ஏப்ரலில் எழுதினேன். அது உண்மையல்ல. வெட்கத்தால் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன்.

9. அதன் விளைவாக, அவ்விலாசத்துக்கான பதினைந்து வருடச் சான்றை அழித்தவன் நிர்வாகம் அல்ல, நான். இதையும் ஒப்புக்கொள்கிறேன்.

10. நம் வீட்டு நல்ல செய்தி நமக்குக் கடைசியாக வருகிறது என்று அப்பா சொன்னது சரி. அப்படி வரச் செய்தவன் நான் என்பதைப் பதிவுசெய்கிறேன்.

11. தகட்டைக் கழற்றும்படி ஜூன் 4ஆம் திகதி நான் தந்த ஆலோசனையை முழுமையாக வாபஸ் பெறுகிறேன். கதவைப் பற்றி நீங்கள் எழுப்பிய விவாதம் சரியானது. எனக்கு அது தோன்றவில்லை. காரணம் நீங்கள் எழுதியதுதான்: நான் உள்பக்கம் பார்க்கவில்லை.

12. நிர்வாகத்தின் நோட்டீசைப் பன்னிரண்டு தடவைக்கு மேல் வாசித்தேன். ஜனவரியில் அப்படியொரு விலாசமே இல்லை என்றவர்கள், ஜூனில் அதே விலாசத்தை இட்டு, கையொப்பமும் முத்திரையும் வைத்து, உங்கள் கையில் ஒப்படைத்திருக்கிறார்கள். என்னுடைய உறைகள் எல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒரு தாளுக்கு ஈடாகாது. மூலப்பிரதியை மடிக்க வேண்டாம். பன்னிரண்டையும் ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். ஒரு கதவின் வழக்காக இருந்தது இனி ஒரு லயத்தின் வழக்கு.

13. முதற்கடிதத்தின் நான்காம் பந்தியையும் வாபஸ் பெறுகிறேன். நோட்டீசைத் தட்டச்சு செய்தவரைப் பற்றி இனி எவரிடமும் எதுவும் பேச வேண்டாம், எழுதவும் வேண்டாம். சிலவற்றை எழுத்தில் வைக்காதிருப்பதே நன்று. வாங் சுகமாக இருக்கிறார் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள்.

நகரத்தைப் பற்றிய கடைசிப் பந்தி. தகடு இல்லாத கதவைத் தேடுவதாக எழுதியிருந்தேனே. ஐந்து மாதங்கள் ஆகியும் காணவில்லை. இப்போது தேடுவதை நிறுத்திவிட்டேன். பல்கலைக்கழகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். பட்டச் சான்றிதழை எந்த நிரந்தர விலாசத்துக்கு அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். பழக்கத்தில் "ஹட்டன்" என்று எழுதத் தொடங்கினேன். அடித்துவிட்டு வேறு தாள் கேட்டேன். "நான்காம் கதவு, ஏழாம் லயம்" என்று எழுதினேன். லயம் என்றால் என்னவென்று அலுவலகப் பெண் கேட்டார். சட்டத்தரணிக்குரிய விளக்கம் ஒன்று நீளமாக நாவுக்கு வந்தது. "நாங்கள் அங்கே இருக்கிறோம்" என்று மட்டும் சொன்னேன். அவர் தட்டச்சு செய்துகொண்டார்.

சான்றிதழ் வரும்போது முதலில் நீங்கள் பிரித்துப் பாருங்கள். பிறகு மற்றவர்களுக்குச் சொல்லலாம்.

நீங்கள் சத்தியம் செய்து கொடுக்க வேண்டிய சத்தியக்கடதாசி ஒன்றின் வரைவை இத்துடன் அனுப்புகிறேன். சமாதான நீதவான் முன்னிலையில் கையொப்பமிட வேண்டும். இரண்டு சாட்சிகள் இருந்தால் நல்லது. நான் ஓகஸ்ட் 24ஆம் திகதி வருகிறேன். ஹட்டனில் இறங்கமாட்டேன்.

இங்ஙனம்,
தங்கள் அன்பு மகன்
விஜிதரன்


நாலாம் கதவு, ஏழாம் லயம்
10.08.2024

அன்பு மகனுக்கு,

கையெழுத்துப் போட்டாச்சு. ஒரு பிரதி ஒனக்கு. நீ எழுதுனதுல கடைசியில கொஞ்சம் மாத்திட்டேன். சமாதான நீதவானய்யா, "இப்படி எழுதுற வழக்கமில்லையேம்மா"ன்னாரு. "உண்மையத்தானே எழுதச் சொல்றீங்க"ன்னேன். சரின்னுட்டாரு. தகடு இருக்கு. மழையில நீலம் கொஞ்சம் ஒழுகுச்சு, திரும்ப அடிச்சோம்.

வர்றப்ப அந்த மூடி போட்ட கிண்ணம் ஒண்ணு வாங்கிட்டு வா. பஸ்ஸ விட்டு எறங்கி யார்கிட்டயும் வழி கேக்காத. நம்பரப் பாத்து வா.

அம்மா


சத்தியக்கடதாசி

பொகவந்தலாவை, ஆர்டன்ஹில் தோட்டம், மேற்பிரிவு, ஏழாம் லயம், நான்காம் கதவில் வசிக்கும் பூரணி சிவசாமி ஆகிய நான், நான் வணங்கும் தெய்வத்தை முன்வைத்து, உண்மை என அறிந்து கூறுவதாவது:

1. இதைக் கூறுபவள் நானே. எனக்கு வயது அறுபத்து மூன்று. முப்பத்திரண்டு வருடங்கள் இத்தோட்டத்தில் கொழுந்து பறித்தேன்.

2. 1988ஆம் ஆண்டு முதல் இன்றுவரை இடைவிடாது மேற்கூறிய விலாசத்தில் வசித்து வருகிறேன்.

3. இக்காம்பராவின் கதவு என் கணவர் காலஞ்சென்ற சிவசாமியால் 1997ஆம் ஆண்டு செய்வித்துப் பொருத்தப்பட்டது. அவர் பெயரும் ஆண்டும் அதன் உட்புறத்தில் வெட்டப்பட்டுள்ளன.

4. இவ்விலாசத்துக்கு என் பெயரில் வந்த நான்கு பதிவுத் தபால் உறைகளை "அ" எனவும், நிர்வாகம் இதே விலாசமிட்டு என்னிடம் ஒப்படைத்த நோட்டீசை "ஆ" எனவும் குறியிட்டு இத்துடன் இணைக்கிறேன்.

5. காம்பராவை ஒப்படைக்கும்படி விடுக்கப்பட்ட கோரிக்கையை மறுக்கிறேன்.

6. இது என் மகன் எழுதல, நான் சேத்தது. சட்டத்தரணி சிவசாமி விஜிதரன் வளந்ததும் படிச்சதும் இந்தக் கதவுக்கு உள்ள. அவனோட விலாசமும் இதுதான். கேட்டா அவனே சொல்லுவான்.

7. மேலே உள்ளத நானே படிச்சு, வெளங்கிக்கிட்டுத்தான் கையெழுத்துப் போடுறேன்.

(ஒப்பம்) பூரணி சிவசாமி
2024 ஓகஸ்ட் 9

சாட்சிகள்:

(ஒப்பம்) மீனம்மா
ஐந்தாம் கதவு, ஏழாம் லயம், மேற்பிரிவு, ஆர்டன்ஹில் தோட்டம், பொகவந்தலாவை

(ஒப்பம்) செல்லசாமி
ஒன்பதாம் கதவு, ஏழாம் லயம், மேற்பிரிவு, ஆர்டன்ஹில் தோட்டம், பொகவந்தலாவை